ஒரு மணி இருபத்தொன்பது நிமிடம்

அரசு அச்சகத்தில் பிழைதிருத்துபவளாக முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து தேய்ந்தவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் தொங்குவது இன்னொன்று. முதலாவது எழுத்துக்கு, இரண்டாவது எண்ணுக்கு. எழுத்தை நம்பினாலும் எண்ணை நம்பக் கூடாது என்பது அவளுடைய கட்சி. எழுத்து தப்பாக இருந்தால் வாசிக்கிறவனுக்கு உறுத்தும். எண் தப்பாக இருந்தால் நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுடைய கூடப்பிறந்த அக்கா போன் செய்தாள். அக்கா ஆறு வருடமாக மகளோடு வெகுதூரத்து நகரம் ஒன்றில் இருக்கிறாள். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டதாம், மாற்றப் போகிறார்களாம், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்காம். இதையெல்லாம் தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிறவள் மாதிரிச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள். கத்திக்குப் பயமில்லை. மயக்கம் தெளியும்போது எதிரே யார் இருப்பார்கள் என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

“மக இருப்பா, இல்லேங்கல. ஆனா அவ அழுவா. நீ அழமாட்டே, திட்டுவே. கண்ணு முழிக்கும்போது எனக்குத் திட்டற ஆளு வேணும்டி.”

“வர்றேன்” என்றாள் கண்ணாடியக்கா. டிக்கெட்டும் அன்றைக்கே எடுத்துவிட்டாள். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி, நடுவில் ஓரிடத்தில் விமானம் மாறி, மொத்தம் பத்தொன்பது மணி நேரம். அதில் பறப்பது பத்தே முக்கால் மணி. மிச்சமெல்லாம் நடுவழி விமான நிலையத்தில் நாற்காலி தேடும் நேரம்.

அச்சக மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பேசுவார், அவ்வளவுதான். உறவினர் சிகிச்சை விடுப்பு மூன்று நாள், அதாவது எழுபத்திரண்டு மணி நேரம் என்றார். அதோடு வேறு எந்த விடுப்பையும் ஒட்டக் கூடாது. பயண நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பயண நேரம் எவ்வளவு என்று போகிறவர் சொல்லக் கூடாது, விமானக் கம்பெனி சொல்லக் கூடாது, தூர நிர்ணயத் துறைதான் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பணி முறிவு. செய்த வேலை அத்தனையும் பூஜ்யமாகி, மறுநாள் புதிதாகச் சேர்ந்த ஆளாக வந்து நிற்க வேண்டும்.

“பைண்டிங்ல ஒருத்தர் நாற்பது நிமிஷம் பிந்தி வந்தாரே, ஞாபகம் இருக்கா? இப்போ பயிற்சியாளரா இருக்காரு. வயசு ஐம்பத்தெட்டு. நல்லா முன்னுக்கு வருவாரு.”

தூர நிர்ணயத் துறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாசல் பலகையில் அதைக் கூட விட்டுவைக்கவில்லை: ‘அரசு அச்சகம், 610 மீட்டர், 8 நிமிடம்.’ உள்ளே ஒவ்வொரு கதவின் மேலும் வாசலிலிருந்து அந்த அறை எத்தனை மீட்டர், எத்தனை நொடி என்று பெயிண்டில் எழுதியிருந்தது. ஒன்பதாம் அறைக்கு ஒரு நிமிடம் மூன்று நொடி. கண்ணாடியக்கா அவசரத்தில் நாற்பது நொடியில் போய்விட்டாள். கதவருகே இருந்த கடைநிலை ஊழியர் கையை நீட்டி மறித்து, மிச்ச இருபத்துமூன்று நொடியையும் வெளியே நிற்க வைத்துத்தான் உள்ளே விட்டார். அவர் முகத்தில் கடுமை எதுவும் இல்லை. சீக்கிரம் வருகிறவர்களால் அறைக்குக் கெட்ட பெயர் என்று விளக்கம் வேறு சொன்னார்.

உள்ளே எழுத்தர் ஒருவர் விரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு, தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். ‘தூர நேர அட்டவணை, ஆறாம் பதிப்பு.’ ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் பக்கத்தைத் தேடுவதற்கு முன்பே கண்ணாடியக்கா பக்க எண்ணை மனதுக்குள் சொல்லிவிட்டாள். நாற்பத்தோராம் பக்கம். எண்ணுக்கான கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமலே அவளுக்குத் தெரியும்.

“இந்தாங்க. ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோமீட்டர். விமானத்துக்கு மணிக்கு எண்ணூற்று ஐம்பது. ஒரு மணி இருபத்தொன்பது நிமிஷம்.”

இந்த இடத்தில் ஒன்பது வருடம் பின்னால் போயாக வேண்டும்.

ஆறாம் பதிப்பை அச்சிட்டது அவளுடைய அச்சகம். மெய்ப்புப் பார்த்தது அவள். நாற்பத்தோராம் பக்கத்தில் நடுவே ஒரே ஒரு எண் விடுபட்டது. ஊர்கள் அப்படியே இருக்க, அதற்குக் கீழே இருந்த எண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த ஊரின் தூரம் கிடைத்தது. அக்கா இன்றைக்கு இருக்கும் நகரம் ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். அதற்கு அடுத்த வரியில் இருந்தது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊர், ஆயிரத்து இருநூற்று அறுபது. அந்தக் கடற்கரை ஊருக்கோ அதற்கும் அடுத்த ஊரின் ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தின் கடைசி ஊருக்கு எண்ணே மிச்சமில்லை. அச்சுக்கோத்தவர் வெறும் இடத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு ‘மேற்படி’ என்று போட்டுவிட்டார். அடியில் ‘பிழையற்றது’ என்று எழுதி, அவள் சுழித்துக் கையெழுத்துப் போட்டாள். வழக்கப்படி அதுவும் பக்கத்தோடு சேர்ந்தே அச்சானது.

நாலாயிரம் பிரதிகள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு பிரதியைச் சும்மா புரட்டும்போது அந்த ‘மேற்படி’ கண்ணில் பட்டது. தூரத்துக்கு மேற்படி ஏது? மேலே மேலே பார்த்துக்கொண்டே போனவள் எண் விடுபட்ட வரியில் போய் நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் யார் போகப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அக்கா உள்ளூரில்தான் இருந்தாள்.

இப்போது அந்தச் சுழித்த கையெழுத்து எழுத்தரின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது.

அவள் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். பத்தொன்பது மணி நேரம் என்று அச்சில் இருக்கிறதே என்றாள். விமானக் கம்பெனிக்காரர்கள் விற்கிறவர்கள், அவர்கள் எதையாவது கூட்டித்தான் சொல்வார்கள் என்று எழுத்தர் அதைத் தொடாமலே திருப்பினார். அப்படியும் அவள் நகராததால், துணை இயக்குநரிடம் அனுப்பினார். இரண்டு நிமிடம் பதினோரு நொடி. இந்தத் தடவை அவள் மெதுவாக நடந்தாள்.

துணை இயக்குநர் அம்மாள் கணக்கில் கெட்டிக்காரர். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், காகிதத்தில் ஏதோ வகுத்தார், பிறகு நிஜமான கவலையோடு நிமிர்ந்தார்.

“அம்மா, ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோமீட்டரைப் பத்தே முக்கால் மணி நேரம் பறந்தா, மணிக்கு நூற்றுப் பதினேழு வருது. அந்த வேகத்துல விமானம் மேல நிக்காது. விழுந்துடும். உங்க டிக்கெட்டுப்படி நீங்க உயிரோட போய்ச் சேரவே மாட்டீங்க. அப்புறம் எதுக்கு விடுப்பு?”

நடுவழியில் எட்டேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டுமே மேடம் என்று அவள் கேட்டதற்கு, உட்கார்ந்திருப்பது பயணம் ஆகாது என்று பதில் வந்தது. உட்கார்ந்தே போகிறவர்களுக்கெல்லாம் நேரம் கொடுத்தால் வீட்டில் சோபாவில் இருப்பவரும் வந்து கேட்பார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் அக்காவின் ஊர் எந்தத் திசை என்று விசாரித்தார். கிழக்கு. அங்கே கடிகாரம் இங்கேயுள்ளதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அது தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. இப்படிப்பட்ட கணக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும் போலிருந்தது.

“திரும்பி வரும்போது அந்த ஐந்தரை மணி நேரம் உங்களுக்கு லாபம். அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுங்க. ஒரு மணி இருபத்தொன்பது நிமிஷம் பறந்தா, இங்க மத்தியானம் ரெண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது இறங்கறீங்க. கிளம்பறதுக்கு நாலு மணி ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துடறீங்கம்மா. அப்போ வர்ற பயணத்துக்கு நாங்க நேரம் தர்றதா, நீங்க எங்களுக்குத் தர்றதா?”

கண்ணாடியக்கா முப்பத்தோரு வருடம் அரசாங்கத்தின் வாக்கியங்களை வாசித்தவள். தப்பான வாக்கியத்தில் இவ்வளவு சரியான கணக்கை அவள் பார்த்ததில்லை.

அந்த நான்கு மணி ஒரு நிமிடத்தை அவளிடமிருந்து வசூலிப்பதா, கருணையோடு விட்டுக்கொடுப்பதா என்பது இயக்குநர் மட்டத்தில் முடிவாக வேண்டியது. அதனால் செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் அறை. மூன்று நிமிடம் நாற்பது நொடி. நடுவில் மாடிப்படி.

இயக்குநரின் மேஜைமேல் அழகான உலக உருண்டை ஒன்று இருந்தது. அவளுக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. எழுந்து போய், ஒரு விரலை இந்த ஊரிலும் இன்னொரு விரலை அக்காவின் ஊரிலும் வைத்துக் காட்டப் பார்த்தாள். கை முழுதாக விரிந்தும் விரல் எட்டவில்லை. கடற்கரை ஊரையும் காட்டினாள். அது அவளுடைய கட்டைவிரல் நீளத்துக்குள்ளேயே அடங்கிப்போனது.

“உருண்டையா இருக்கறதால உங்களுக்கு அப்படித் தெரியுது. இது பரிசா வந்தது, அளக்கறதுக்கு இல்ல” என்றார் இயக்குநர், உருண்டையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு. பிறகு நாற்காலியில் சாய்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். “ஒரு நாட்டுல மலை இருக்கும், ஆறு இருக்கும். அதெல்லாம் தானா இருக்கறது, யாரும் பார்த்துக்க வேண்டாம். தூரம் அப்படி இல்லம்மா. நாம சொன்னாத்தான் தூரம். நாம சொல்லலேன்னா ஆளாளுக்கு ஒரு நேரத்துல போய்ச் சேருவாங்க.”

அவள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, அட்டவணையில் ஒரு வரி மாறியிருக்கலாமோ என்றாள். ஒரு எண் விடுபட்டு, கீழே உள்ளது மேலே ஏறியிருக்கலாமோ.

இயக்குநர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டு விஷயம் பேசுகிறவர் போல் பேசினார்.

“சரி, மாறியிருக்குன்னே வைங்க. அப்போ அடுத்த வரியும் தப்பு. அந்தக் கடற்கரை ஊர் ஒன்பதாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் இல்ல, பக்கத்துலதான் இருக்குன்னு ஆயிடும். பத்து மணி நேரத்துக்கு மேல பறந்தா போக ஒரு நாள் ஓய்வு, வர ஒரு நாள் ஓய்வு. விதி. நான் வந்து ஏழு வருஷத்துல ஏழு மாநாடு அங்கதான் நடந்திருக்கு. இந்த உருண்டைகூட அங்க குடுத்ததுதான். நாங்க எடுத்த ஓய்வையெல்லாம் என்ன பண்றது? திருப்பித் தர முடியுமா? ஓய்வு எடுத்தவன் எடுத்தவன்தானே.”

அவர் மேஜையிலிருந்த அட்டவணையை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

“பிழைன்னு ஒண்ணு இருந்தா, பிழை பண்ண ஆளும் இருக்கணும். பக்கத்துக்கு அடியில ‘பிழையற்றது’ன்னு யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க அச்சகம்தான். யாருன்னு தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, இன்னைக்கே விசாரணை வைக்கலாம். ஆளைப் பணிநீக்கம் பண்ணிட்டு, அட்டவணையையும் திருத்திடலாம். உங்களுக்குப் பத்தே முக்கால் மணி நேரமும் கிடைச்சுடும், ரெண்டு நாள் ஓய்வும் கிடைச்சுடும்.”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ‘நான்தான்.’ அது தொண்டைவரை வந்தது. பணிநீக்கம் என்ற சொல் அதைவிட வேகமாக வந்துவிட்டது.

“தெரியாதுங்க சார்” என்றாள்.

இயக்குநர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்த முகமாக ஓர் உறுதிமொழிப் படிவத்தை எடுத்து நகர்த்தினார். ‘இந்நகரத்தை நான் ஒரு மணி இருபத்தொன்பது நிமிடத்தில் சென்றடைவேன். இத்தூரத்தைப் பற்றி எனக்கு ஐயம் எதுவும் இல்லை.’ இதில் கையெழுத்துப் போட்டால் திரும்பும் பயணத்தில் அவள் துறைக்குத் தர வேண்டிய நான்கு மணி ஒரு நிமிடத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். அவள் சுழித்துக் கையெழுத்துப் போட்டு நன்றி சொன்னாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று மாடிப்படி இறங்கும்போது யோசித்தாள். படியில் நேரம் வைத்திருந்ததால் நின்று யோசிக்க முடியவில்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு அச்சகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். அக்காவைப் பார்த்தது வியாழக்கிழமை மத்தியானம், அந்த ஊர்க் கடிகாரப்படி. அக்கா இளைத்திருந்தாள், வாய் மட்டும் இளைக்கவில்லை. எத்தனை நாள் இருப்பே என்று கேட்டாள். நீ போதும் போன்னு சொல்ற வரைக்கும் என்றாள் கண்ணாடியக்கா. முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இயக்குநர் அறைக்குப் பிறகு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார், ஏழு மணிவாக்கில் கண் திறப்பார்கள் என்றார். சனிக்கிழமை காலை பத்து மணி இருபத்தொன்பது நிமிடத்துக்கு அச்சகத்தில் இருக்க வேண்டுமென்றால், ஆஸ்பத்திரியைவிட்டு நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டும். நாலரைக்கு அவள் பையை எடுத்தாள். அக்காவின் மகள் அதைப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டரை மணி நேரம்தானே சித்தி? ஏன் சித்தி?”

என்ன சொல்வது? எங்கள் ஊர்க் கணக்குப்படி நான் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றா? இந்த ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்றா? வேலை இருக்கிறது என்றாள். அந்தப் பெண் அதற்கு மேல் கேட்கவில்லை. லிஃப்ட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

நடுவழி விமான நிலையத்தில், பயணம் ஆகாத நேரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மகளின் செய்தி வந்திருந்தது. ‘அம்மா முழிச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. உங்களைத்தான் முதல்ல கேட்டாங்க. கடைக்குப் போயிருக்கீங்கன்னு சொல்லியிருக்கேன். என்ன சொல்றதுன்னு தெரியல சித்தி.’

சனிக்கிழமை பத்து இருபத்தைந்துக்கு அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். மேற்பார்வையாளர் தன் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, நாலு நிமிடம் முன்னாடியே வந்துட்டீங்களே என்று மனதாரப் பாராட்டினார்.

அதோடு விட்டிருந்தால் அவள் அதை ஒன்பது வருடப் பழைய பிழையோடு சேர்த்து எங்கேயாவது உள்ளே வைத்துப் பூட்டியிருப்பாள். விடவில்லை. அடுத்த வாரமே தூர நிர்ணயத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதை மெய்ப்புப் பார்த்தவளும் அவள்தான். ‘மேற்படி நகரத்தின் தூரம் குறித்துச் சிலர் ஐயம் எழுப்பி வந்த நிலையில், அரசு அச்சகத்தைச் சேர்ந்த அனுபவமிக்க ஊழியர் ஒருவர் அட்டவணை நேரத்துக்குள் நேரில் சென்று, உரிய காலத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே திரும்பி, அட்டவணையின் உண்மையை நிலைநாட்டியுள்ளார்.’ அதில் பிழை எதுவும் இல்லை. அவள் ‘பிழையற்றது’ என்று எழுதினாள்.

அதற்குப் பாராட்டு விழாவும் வைத்தார்கள். துறையின் கூட்ட அறை, ஒரு நிமிடம் ஐம்பது நொடி. முன்வரிசையில் அந்த ஊரின் தூரத்தைப் பற்றி இதுவரை ஆட்சேபம் எழுதிக் கொடுத்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். பார்த்துத் தெளிவடைய வேண்டுமாம். ஆறு பேர். இயக்குநர் சான்றிதழும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார். ஒரு மனிதர் நினைத்தால் எந்தத் தூரத்தையும் சுருக்கலாம், நினைக்காதவர்கள்தான் ஆட்சேபம் எழுதுகிறார்கள் என்று பேசினார். துணை இயக்குநர் அம்மாள் கைதட்டினார். கண்ணாடியக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பயணம் நல்லபடியாக இருந்தது என்று மூன்று வார்த்தை பேசிவிட்டு இறங்கினாள்.

இறங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். குடிநீர் வாரியத்தில் குழாய் பொருத்துபவர், அங்கேயும் இதே விடுப்பு விதிதான். கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. விமானம் ஏறியதே இல்லை என்றார். மகள் அந்த ஊரில்தான் இருக்கிறாளாம், முதல் பிரசவம், மாப்பிள்ளை கப்பல் வேலையில் நடுக்கடலில் இருக்கிறாராம். பெண்ணுக்கு அம்மாவும் இல்லை, இவர்தான் எல்லாம். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ பத்தொன்பது மணி நேரம் ஆகும் என்று பயமுறுத்தியதால்தான் ஆட்சேபம் எழுதினாராம்.

“துறையில இருந்து உங்க உறுதிமொழியைக் காட்டினாங்க. காகிதத்தைப் பார்த்து நம்பறதுல எனக்கு இஷ்டமில்ல. நேர்ல போயிட்டு வந்தவங்க வாயால கேட்டுடலாம்னுதான் வந்தேன். ஒன்றரை மணி நேரம்தானாக்கா?”

இயக்குநர் மூன்றடி தள்ளி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றாள் கண்ணாடியக்கா.

குழாய்க்காரரின் உடம்பே இளகியது. அப்படியானால் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினால் போதும், நல்லவேளை கேட்டேன், ரொம்ப உபகாரம்க்கா என்று இரண்டு கையாலும் கும்பிட்டார். இப்பவே மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே இயக்குநரிடம் போனாள்.

“சார், நாற்பத்தோராம் பக்கத்துக் கையெழுத்து என்னுது. நான்தான் எண் விடுபட்டதைக் கவனிக்காம விட்டவ. விசாரணை வைங்க, என்ன வேணா பண்ணுங்க. அட்டவணையைத் திருத்திடுங்க.”

இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

“உங்களுதுதான்னு தெரியும்மா. உறுதிமொழியில போட்டீங்களே, அதே சுழி. அன்னைக்கே ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாச்சு.” அவர் குரலில் அன்பே இருந்தது. “தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அப்போதான் உங்க மேல மதிப்பு வந்தது. விழா எடுக்கணும்னு அப்பவே நெனச்சேன். ஏழாம் பதிப்பும் உங்க மேஜைக்குத்தான் வரும். பக்கம் நாற்பத்தொண்ணை மட்டும் அப்படியே விட்டுடுங்க.”

அவர் வேறு யாரையோ பார்த்துக் கையசைத்தபடி நகர்ந்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள் அதை வாங்க ஆளில்லாமல் நின்றாள்.

“அக்கா” என்று ஜன்னலருகிலிருந்து குழாய்க்காரர் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். “நம்பவே மாட்டேங்கறா. சின்னப் பொண்ணு, பயப்படறா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், சண்டைக்கு வராத குரல்.

“அம்மா, நான் அங்கேருந்து இங்க வந்தவதானே. எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? அப்பா காலையில கிளம்பி மத்தியானம் வந்துடறேங்கறாரு. நான் வாசலையே பார்த்துட்டு இருக்கணுமா? அவருகிட்ட எதுக்குங்க இப்படிச் சொன்னீங்க?”

கண்ணாடியக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பதிலை அந்தப் பெண்ணுக்குச் சொல்வதா, எதிரே சிரித்துக்கொண்டு நிற்கிறவருக்குச் சொல்வதா என்று தெரியவில்லை. இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“பத்தொன்பது மணி நேரம்மா. நடுவுல ஒரு இடத்துல மாறணும். அப்பா வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பணும். அப்போதான் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு வந்து சேர முடியும்.” பிறகு அவரைப் பார்க்காமலே சேர்த்தாள். “நான் சொன்னது பொய். அவங்க அட்டவணையும் பொய். அந்தப் பொய்யைப் பிழையில்லைன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

வியாழக்கிழமையே கிளம்பினால் அவருக்குக் கணக்கில் எத்தனை மணி நேரம் குறையும், எத்தனை வருட வேலை பூஜ்யமாகும் என்பது அங்கே நின்ற மூவருக்கும் தெரியும். போனில் இருந்தவளையும் சேர்த்து.

குழாய்க்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு அவள் கையிலிருந்த போனை, விரல் பட்டுவிடாதபடி ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

“சரிங்க மேடம்” என்றார்.